பாடசாலைக்காக வீடு வாங்கலாமா? மலையகத்து முஸ்லிம் பெற்றோருக்கு ஒரு கணக்கு

சில வாரங்களுக்கு முன்னர் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரர் கையைப் பிடித்துக்கொண்டார். ஹட்டன் நகரில் துணிக்கடை நடத்துபவர். கடையும் வாடகை, கடைக்கு மேலே இருக்கும் வீடும் வாடகை.

"சேர், கம்பளைப் பக்கம் ஒரு வீடு வந்திருக்கு. வெல கூடத்தான். ஆனா பாடசாலை நடந்து போற தூரம். மகனுக்கு வாற மாசம் மூணு வயசு முடியுது. எடுக்கவா, வேணாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது வீட்டைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கைந்து கேள்விகள் இருந்தன. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா பகுதிகளில் இருக்கும் நமது குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிபடாத வீடு குறைவு. நுவரெலியா மாவட்டத்தில் நாம் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பெரும்பாலானோர் வியாபாரிகள், நகரங்களில் வசிப்பவர்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் "பிள்ளைகளின் படிப்புக்காக" கம்பளைக்கோ அக்குறணைக்கோ கண்டிக்கோ போய்விட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. கொழும்பில் உறவினர் இருந்தால் தெஹிவளை வரை அந்த எண்ணம் நீளும். போகலாமா கூடாதா என்பது ஒவ்வொருவரின் தீர்மானம். ஆனால் அந்தத் தீர்மானத்தை எடுப்பதற்கு முன்னர் தரம் 1 அனுமதி எப்படி நடக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டவர்கள் மிகக் குறைவு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுற்றுநிருபம். கல்வி அமைச்சு ஒவ்வொரு ஆண்டும் தரம் 1 மாணவர் அனுமதிக்கான அறிவுறுத்தல்களை வெளியிடுகிறது. புள்ளித் திட்டத்தில் அவ்வப்போது மாற்றங்கள் வருவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் சுற்றுநிருபத்தையே வாசிக்க வேண்டும். என்றாலும் அடிப்படை பல ஆண்டுகளாக ஒன்றுதான். பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதர சகோதரிகளுக்கு 15 வீதம், கல்வித்துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு 5 வீதம், இடமாற்றம் பெற்று வரும் அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்கு 4 வீதம், வெளிநாட்டிலிருந்து திரும்புவோரின் பிள்ளைகளுக்கு 1 வீதம்.

வெளியூரிலிருந்து குடிபோகும் வியாபாரிக்கு இதில் எந்தக் கதவு திறந்திருக்கிறது? வாப்பா அங்கே படித்தவர் அல்ல, மூத்த பிள்ளையும் அங்கே இல்லை, அரச உத்தியோகமும் இல்லை. மிஞ்சுவது அண்மை வதிவு என்ற அந்த முதல் கதவு மட்டும்தான். வீட்டு விலையையும் பாடசாலையையும் இந்த நாட்டில் ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருப்பதும் அந்தக் கதவுதான்.

அந்தப் பிரிவில் 100 புள்ளிகள். அதில் பாதி தூரத்துக்கு. மறுபாதி, நீங்கள் உண்மையிலேயே அங்கே வசிக்கிறீர்கள் என்பதை நிரூபிக்கும் ஆவணங்களுக்கு: வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த ஆண்டுகள், வீட்டின் உரிமை, மின்கட்டண நீர்க்கட்டணப் பட்டியல் போன்ற மேலதிகச் சான்றுகள். காணி உறுதி பெற்றோரின் பெயரில் இருந்தால் கிடைக்கும் புள்ளி வாடகை ஒப்பந்தத்துக்குக் கிடைக்காது.

துணிக்கடைச் சகோதரர் தடுக்கி விழுந்த இடம் வாக்காளர் இடாப்புத்தான். சுற்றுநிருபம் பார்ப்பது கடந்த ஐந்து ஆண்டுகளின் இடாப்பை. பிள்ளை பாடசாலைக்குப் போகும் ஆண்டின் ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் கேட்பது அதற்கு முந்தைய ஆண்டில். அதாவது பிள்ளைக்கு நான்கு வயதும் சில மாதங்களும் இருக்கும்போது, ஐந்து ஆண்டுகளாக நீங்கள் அந்த முகவரியில் இருந்ததற்கான ஆதாரம் கேட்கப்படுகிறது. விரலை விட்டு எண்ணிப் பாருங்கள். முழுப் புள்ளி வேண்டுமானால் பிள்ளை வயிற்றில் உருவாவதற்கு முன்பே நீங்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்று உறுதி எழுதுபவருக்கு இடாப்பில் ஓர் ஆண்டு கிடைக்கும், மிஞ்சினால் இரண்டு. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய வீடு, அதே தெருவில் பத்து வருடமாக இருக்கும் ஒரு சாதாரண குடும்பத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

வீட்டை விற்கும் தரகர் இதைச் சொல்லமாட்டார். "ஸ்கூல் பக்கத்தில" என்ற ஒரு சொல்லுக்கே பேர்ச்சஸுக்கு விலை கூட்டிச் சொல்லும் பழக்கம் எல்லா நகரங்களிலும் இருக்கிறது.

அடுத்தது தூரம். தூரம் என்றதும் நாம் பாதையில் நடக்கும் தூரத்தை நினைக்கிறோம். சுற்றுநிருபம் பார்ப்பது வான்வழித் தூரத்தை. வீட்டு வாசலிலிருந்து பாடசாலைக்கு நேர்கோடு. அந்தக் கோட்டை ஆரையாக வைத்து வீட்டைச் சுற்றி ஒரு வட்டம். உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய, ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலைகள் அந்த வட்டத்துக்குள் எத்தனை இருக்கின்றனவோ, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். அருகில் வேறு பாடசாலை எதுவும் இல்லையென்றால் தூரத்துக்கான முழுப் புள்ளியும் உங்களுக்கு.

இந்த விதி சமதரையில் ஒரு மாதிரி, மலைநாட்டில் வேறு மாதிரி. எனக்கே நடந்தது. மூத்த மகளை ஒரு நல்ல பாடசாலையில் சேர்ப்பதற்காக அதற்குக் கிட்டவாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தத்தையும் பதிவு செய்து, நம்பிக்கையோடு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். ஆசிரியர்தானே, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. மேசையில் வரைபடத்தை விரித்து வட்டம் போட்டார்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், தேயிலை மலைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய தோட்டப் பாடசாலை வட்டத்துக்குள் விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து அங்கே போவதென்றால் ஆற்றைச் சுற்றிப் பாலத்தைக் கடந்து போக வேண்டும், ஐந்து வயதுப் பிள்ளை நடக்கும் வழியல்ல. ஆனால் காகம் பறந்தால் கிட்ட. சில புள்ளிகளால் மகளின் பெயர் பட்டியலுக்கு வெளியே போயிற்று. மேன்முறையீடும் செய்தோம், மாறவில்லை. விதிப்படி அவர்கள் செய்தது சரி. வட்டத்தை முன்கூட்டியே வரைந்து பார்க்காதது எனது பிழை. இன்று கைத்தொலைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்தால் ஐந்து நிமிட வேலை.

"சேர்க்கக்கூடிய பாடசாலை" என்ற சொல்லையும் கவனியுங்கள். தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்குச் சிங்கள மொழிப் பாடசாலை கணக்கில் வராது. மகனுக்குப் பெண்கள் பாடசாலை கணக்கில் வராது. ஆனால் வீட்டுக்கு அருகில் ஒரு முஸ்லிம் பாடசாலை இருந்து, நீங்கள் அதைத் தாண்டி வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அது கணக்கில் வரும். பள்ளிவாசலும் முஸ்லிம் பாடசாலையும் பக்கத்தில் இருக்கிறதே என்று விலை கூட்டிக் கொடுத்து வாங்கிய வீடு, சற்றுத் தள்ளியிருக்கும் தேசிய பாடசாலைக்கு விண்ணப்பிக்கும்போது எதிராகவே வேலை செய்யலாம்.

இன்னொரு விடயம் நமக்கென்றே இருக்கிறது. நகரங்களில் பெயர் பெற்ற பாடசாலைகள் பல ஒரு காலத்தில் கிறிஸ்தவ மிஷனரிகளும் வேறு சமய அமைப்புகளும் நடத்தியவை. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் அவற்றை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத். அமைச்சராவதற்கு முன்னர் கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர். அப்படிப் பொறுப்பேற்கப்பட்ட பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் எந்தெந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ, அந்த விகிதம் இன்றும் அனுமதியில் கவனிக்கப்படுகிறது. அறுபது வருடங்களுக்கு முன்னர் அந்த வகுப்பறைகளில் நூற்றுக்கு மூன்று முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள் என்றால், இன்றும் நமது போட்டி அந்தச் சில இடங்களுக்குள்தான். மதிலோடு மதிலாக வீடு வாங்கினாலும் இது மாறாது. ஆகவே இத்தகைய பாடசாலை ஒன்றை நம்பி வீடு பார்ப்பவர், முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் பாடசாலை அலுவலகத்துக்குப் போய் "முஸ்லிம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், கடந்த முறை எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

இனி விலைக்கு வருவோம். மலையக நகரங்களில் காணி ஏன் இவ்வளவு விலை என்பது வெளியூர்க்காரருக்குப் புதிராக இருக்கும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம்தானே என்பார்கள். நிலம் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குப் போய், பின்னர் நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டன. தேயிலை மலைகளுக்கு நடுவே சிக்கிய ஒரு துண்டு நிலம்தான் நகரம். அதில் உறுதியுள்ள தனியார் காணி கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் பாடசாலை, பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது இன்னும் கொஞ்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதே காரணத்தால்தான் லயத்தில் இருக்கும் எனது மாணவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அவர்களுடைய குடும்பங்கள் நான்கு ஐந்து தலைமுறையாக அதே இடத்தில் இருந்தும் காட்டுவதற்கு உறுதி இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் பெற்றவர்கள் இன்னும் சிறு தொகையினர்தான். 1948 இல் பறிபோன குடியுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 வரை சென்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். காணி உறுதிக்குப் புள்ளி கொடுக்கும் ஒரு முறை யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்பதைக் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில் எங்களுக்குள் நிறைய விவாதித்திருக்கிறோம். வீடு வாங்கலாமா என்று யோசிக்கும் நிலையில் இருப்பதே ஒரு நிஃமத்.

வெளிநாடுகளிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் பொஸ்டன் நகரின் புறநகர்களில் பாடசாலை எல்லைக் கோட்டின் இரு பக்கமும் இருக்கும் வீடுகளை ஒப்பிட்டு சான்ட்ரா பிளாக் என்ற பொருளியல் ஆய்வாளர் 1999 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பரீட்சைப் புள்ளி 5 வீதம் கூடிய பாடசாலையின் பக்கம் இருக்கும் வீட்டுக்குப் பெற்றோர் ஏறக்குறைய 2.5 வீதம் அதிகம் கொடுக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. சிங்கப்பூரில் பாடசாலையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை. அங்கேயும் வீட்டை வாங்கி உடனே விற்றுவிட்டுப் போக முடியாதபடி குறைந்தது 30 மாதங்கள் அந்த முகவரியில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு. அங்கே பாடசாலைச் செலவின் கணிசமான பங்கு அந்தப் பகுதி வீடுகளின் வரியிலிருந்து வருகிறது. வீடு விலை கூடினால் பாடசாலைக்கும் பணம் கூடும். இங்கே ஹட்டனில் படிப்பிக்கும் எனக்கும் கண்டியில் படிப்பிக்கும் எனது நண்பருக்கும் ஒரே சம்பளத் திட்டம். கண்டியில் ஒரு பேர்ச்சஸ் என்ன விலைக்குப் போனாலும் அதிலிருந்து ஒரு சதம் அந்தப் பாடசாலைக்கு வராது. நாம் கூட்டிக் கொடுக்கும் விலையால் பாடசாலை நல்லதாவதில்லை. நுழைவாயிலுக்கான கட்டணம் மட்டுமே அது, அதுவும் நேரடியாகக் காணிக்காரரின் பைக்குப் போகும் கட்டணம். 1945 இல் இலவசக் கல்வி வந்த நாட்டில் இப்படி ஒரு கட்டணம்.

கட்டணம் எவ்வளவு என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். சகோதரர் சொன்ன விலையை எழுதுவது முறையல்ல, வட்டமான இலக்கங்களை எடுப்போம். பெயர் பெற்ற பாடசாலைக்கு அருகில் ஒரு வீடு 120 இலட்சம். அதே அளவு வீடு சற்றுத் தள்ளி 80 இலட்சம். வித்தியாசம் 40 இலட்சம். தரம் 1 முதல் 13 வரை 13 ஆண்டுகள், 156 மாதங்கள். பங்கிட்டால் மாதத்துக்கு 25,000 ரூபாவுக்கு மேல். அந்தத் தொகையில் வேன் கட்டணம் எவ்வளவு, கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நல்ல வகுப்புகள் எத்தனை, வீட்டில் ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் எத்தனை என்பதை உங்கள் ஊர் விலையில் கணக்குப் பாருங்கள்.

உடனே ஒருவர் சொல்வார்: "சேர், அந்த 40 இலட்சம் எங்கேயும் போகாதே, வீட்டை விற்றால் திரும்பி வரும்." உண்மை. வீடு சொத்து, வேன் கட்டணம் செலவு. ஆனால் வியாபாரிக்குக் கையில் இருக்கும் காசு சும்மா கிடக்கும் காசு அல்ல. கடையிலிருந்து 40 இலட்சத்தை உருவினால் அடுத்த தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எதைக் கொண்டு சரக்கு போடுவது? முதலை வீட்டில் பூட்டிவிட்டுக் கடையை மெலியவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். வீடு இருக்கிறது, பிள்ளையும் பாடசாலையில் இருக்கிறது, வாப்பா கட்டாருக்குப் போய்விட்டார்.

கடன் என்றால் இன்னொரு சிக்கல். வட்டிக் கடன் ஹராம் என்பது யாருக்கும் தெரியாததல்ல. ஆனாலும் "பிள்ளையின் படிப்புக்குத்தானே" என்று அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறோம். முற்றிலும் இஸ்லாமிய முறையில் இயங்கும் அமானா வங்கி 2011 இல் தொழிற்படத் தொடங்கியதிலிருந்து குறைந்து செல்லும் முஷாரகா போன்ற வழிகள் இருக்கின்றன. வங்கியும் நீங்களும் பங்காளிகளாக வீட்டை வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு போகும் முறை. ஹலாலான வழி என்பதற்காக மாதத் தவணை இலேசாகிவிடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மழைக்காலத்தில் கடைக்கு ஆள் வராத மாதத்திலும் தவணை வரும்.

வட்டியைவிட எனக்கு மனம் வருந்துவது போலி ஆவணம். உறவினர் வீட்டு முகவரியில் பெயரைப் போடுவது, குடியிராத வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதுவது, கிராம உத்தியோகத்தரைப் "பார்த்துக்கொள்வது". ஐவேளை தொழும் மனிதர்கள்கூட இதைக் கெட்டித்தனமாகப் பேசுகிறார்கள். பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்று குத்பாவில் கேட்டுவிட்டு வந்து திங்கட்கிழமை பொய்ச் சத்தியக்கடதாசியில் கையொப்பமிடுகிறோம். மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். ஆவணம் பொய்யென்று தெரிந்தால், பிள்ளை சேர்ந்த பின்னரும் அனுமதியை இரத்துச் செய்ய சுற்றுநிருபத்தில் இடமிருக்கிறது. அந்த நாளில் புத்தகப்பையோடு வெளியே வரப்போவது நாமல்ல, அந்தப் பிள்ளை.

இனி, பாடசாலையின் தரம். விலை கொடுக்கிறோமே, எதற்குக் கொடுக்கிறோம்? நாட்டில் அரச பாடசாலைகள் பத்தாயிரம் அளவில். அவற்றில் தேசிய பாடசாலைகள் 400 வரை. "தேசிய" என்ற சொல்லில் நாம் மயங்குகிறோம். அது மத்திய அமைச்சின் நிர்வாகத்தில் இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. தரம் 1 வகுப்பறையில் உங்கள் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியை நல்லவரா என்பதை அது சொல்லாது. ஆரம்பப் பிரிவைப் பொறுத்தவரை, வகுப்பில் பிள்ளைகள் குறைவாக உள்ள, வீட்டுக்குக் கிட்டவுள்ள, ஆசிரியை பிள்ளையின் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு சின்னப் பாடசாலையை நான் எந்த நாளும் தெரிவு செய்வேன். இருபது வருடங்களுக்கு மேல் கரும்பலகைக்கு முன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தரம் 6 இலிருந்து கணக்கு மாறும். அங்கே பார்க்க வேண்டியது, உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் தமிழ்மொழி மூலம் இருக்கிறதா, அதாவது அது 1ஏபி பாடசாலையா என்பது. இருந்தால் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உண்மையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பது. மலையகத்தில் இவற்றுக்கு ஆசிரியர் தட்டுப்பாடு பழைய நோய். ஆனால் எல்லா இடமும் அப்படியல்ல. ஹட்டன் ஹைலண்ட்ஸ் மத்திய கல்லூரி போல் இங்கேயே தமிழ்மொழி மூலம் பெயர் எடுத்த பாடசாலைகள் இருக்கின்றன. பெரிய பாடசாலைகளுக்குள் போகத் தரம் 1 மட்டும் வழியல்ல. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி பெற்றால் தரம் 6 இல் ஒரு வழி, சாதாரணதரப் பெறுபேற்றோடு உயர்தரத்துக்கு இன்னொரு வழி. அந்த இரண்டு வாசலிலும் காணி உறுதி கேட்பதில்லை.

அடுத்து நான் சொல்வதை ஹட்டன், நுவரெலியாப் பெற்றோர் இரண்டு முறை வாசிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. கண்டி அல்ல. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு நுவரெலியா மாவட்டத்தின் இசட் வெட்டுப்புள்ளி கண்டியைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது. ஒருவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைத் தீர்மானிப்பதில், உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவர் படித்த பாடசாலை எங்கே இருந்தது என்பது முக்கிய இடம் வகிக்கிறது. கம்பளையும் நாவலப்பிட்டியும் கண்டி மாவட்டம். கினிகத்தேனையைத் தாண்டிச் சிறிது தூரம் இறங்கியதும் மாவட்டம் மாறிவிடுகிறது. பாடசாலைக்காக மலையிலிருந்து இறங்கும் குடும்பம், பிள்ளையை இன்னும் கூர்மையான போட்டிக்குள் கொண்டுபோய் விடுகிறது. சிறந்த பாடசாலை அந்தப் போட்டிக்கும் சேர்த்துப் பிள்ளையைத் தயார்படுத்தலாம். தயார்படுத்தாமலும் போகலாம். வீட்டு விலையைக் கணக்குப் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதை நான் காணவில்லை.

இவ்வளவு சொன்னாலும், போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தேடுவது பெறுபேற்றை மட்டுமல்ல. டி.பி. ஜாயா கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த காலத்தில் கம்பளை, மாத்தளை போன்ற இடங்களில் ஸாஹிராவின் கிளைகள் தோன்றியதே, மத்திய மலைநாட்டில் நமது பிள்ளைகளுக்கு நமது சூழலில் ஒரு பாடசாலை வேண்டும் என்பதற்காகத்தான். முஸ்லிம் பாடசாலைக்கு ரமழானில் விடுமுறை. மற்றப் பாடசாலையில் படிக்கும் நமது பிள்ளை நோன்போடு விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கு நிற்கும். இஸ்லாம் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல், அந்தப் பாடவேளையில் நூலகத்தில் போய் உட்காரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்க வேண்டும். மாலையில் குர்ஆன் மத்ரஸா எவ்வளவு தூரம்? பெண்பிள்ளை வளர்ந்துவிட்டால் அவள் பஸ்ஸில் போய்வரும் நேரம்? இவையெல்லாம் நியாயமான கவலைகள். இவற்றுக்கு ஒரு தாய் தகப்பன் பணம் கொடுக்கத் தயாராக இருந்தால் அது வீண்செலவல்ல. ஆனால் இவற்றுக்காகத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கடை ஹட்டனில், குடும்பம் கம்பளையில் என்றால் வாப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் விருந்தாளி. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை போகும் தகப்பனுக்குப் பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்க்க நேரம் ஏது? தந்தை பக்கத்தில் இருந்து வளரும் பிள்ளைக்கும் இல்லாமல் வளரும் பிள்ளைக்கும் இருக்கும் வித்தியாசத்தை வகுப்பில் என்னால் காட்ட முடியும், எந்தப் பாடசாலையாக இருந்தாலும்.

வீடு வாங்குவது என்று முடிவானால், பாடசாலைக்கு முன்னர் மலையைப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் செய்ததை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கும்போது அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர்? வெட்டிய மலைச்சரிவின் கீழே, அல்லது ஆற்றோரப் பள்ளத்தில், "ஸ்கூல் பக்கத்தில" என்ற ஒரே காரணத்துக்காக வீடு வாங்குவதைவிட வாடகையில் இருப்பது மேல்.

அன்றிரவு பள்ளிவாசல் படியில் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. இடாப்பு விடயத்தை மட்டும் சொன்னேன். சகோதரர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்ப மூணு வருஷம் பிந்திட்டேனா சேர்?" என்றார். தரம் 1 க்குப் பிந்திவிட்டீர்கள், தரம் 6 க்கு எட்டு வருடம் இருக்கிறது என்றேன். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அவர் கையில் வீட்டின் பிளான், மனைவியின் கையில் ஒரு கொப்பி. கொப்பியில் அந்தச் சகோதரி எழுதி வைத்திருந்த கேள்விகள் அவருடையதைவிடக் கூர்மையானவை: அந்தப் பாடசாலையில் தரம் 1 க்கு எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், இஸ்லாம் ஆசிரியர் நிரந்தரமானவரா, கடை முதலை எடுக்காமல் எவ்வளவு வரை போகலாம், "இவர் கிழமைக்கு எத்தனை நாள் வீட்டில இருப்பார்".

கூகுள் வரைபடத்தைத் திறந்து மூவருமாக வட்டம் வரைந்தோம். இரண்டு பாடசாலைகள் உள்ளே விழுந்தன. வீட்டுக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம். மகனை இப்போதைக்கு ஹட்டனிலேயே ஒரு பாலர் பாடசாலையில் சேர்த்திருக்கிறார்கள், கடையிலிருந்து நடந்து போகும் தூரம்.